நான்காவது பெயர்

வாடை மூன்று நாள் ஓயாது என்று
வானொலியில் யாரோ சொன்னார்கள்.
எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம்
ஆறு இதழில் நாலைத் தின்றிருந்தது.
ஆகவே சான் எலேசர்.
வரைபடத்தில் ஒரு நங்கூரக் குறி,
பக்கத்தில் பென்சிலால் முன்பு வந்த எவரோ:
அடியில் சேறு. நன்றாகப் பிடிக்கும். நாய்கள் உண்டு.

சேறு பிடித்தது.
நாய்களும் இருந்தன.

துறையின் கடைசிப் பலகையில்
இறால் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி
கிழிசல் தைத்துக்கொண்டிருந்த ஃபௌஸ்டீனோ
எங்கள் ரப்பரை வாங்கிக் கடித்துப் பார்த்தார்.
"லோஸ் மோச்சிஸில் கிடைக்கும்.
என் மைத்துனி வியாழன் வருவாள், கோழித்தீவனத்தோடு."
அன்று திங்கள்.

கரையேறிய பிறகும் ஹால்வாரின் கால்கள்
கடலை விடவில்லை; அகட்டி அகட்டி நடந்தார்.
அவர் பின்னால் ஏழு பிள்ளைகள்
அதே மாதிரி நடந்து போனார்கள்
டோர்ட்டியா இயந்திரம் கீச்சிடும் மூலை வரை.
அவர் திரும்பினால்
ஏழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

துறைமுக அலுவலகத்தில் நிற்கும் விசிறி ஒன்று.
அதற்குப் பயந்து ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு சிப்பி.
ஒத்திலியா பெயர்களை வாய்விட்டுப் படித்தாள்.
ஹால்வார் கையைத் தூக்கினார்.
ரெனாட்டா, இங்கே.
என் பெயரை இரண்டு விதமாய்ச் சொல்லிப் பார்த்து
இரண்டாவதை வைத்துக்கொண்டாள்.
"கோர்மக்?"

விசிறி மட்டும்
இல்லை, இல்லை என்று தலையாட்டியது.

குவாய்மாஸில் வெங்காயம் வாங்கப் போனான் கோர்மக்.
இரண்டு கிலோ. பைகூட எடுத்துப் போனான்.
மறுநாள் காலை தொலைபேசியில் ஒரு வரி:
காத்திருக்க வேண்டாம்.
சண்டையா என்றால், சண்டை இல்லை.
முந்தைய இரவு அவன் காவலில்
பாயைச் சுருக்கு என்று ஹால்வார்
மூன்று தடவை சொல்லியிருக்கலாம்.
நான் ஒரு தடவை சிரித்திருக்கலாம்.

ரெனாட்டா அவர்கள் மொழியில் நெடுநேரம் விளக்கினாள்.
எனக்குப் புரிந்தது வெங்காயம் மட்டும்.
ஒத்திலியா தாளைப் புரட்டினாள்.
இறந்தவருக்கு ஒரு கட்டம் இருந்தது.
நோயாளிக்கு, சிறைப்பட்டவருக்கு.
வெங்காயம் வாங்கப் போனவருக்குக் கட்டம் இல்லை.
பெயரை அடித்தால் குவாய்மாஸுக்கே திரும்ப வேண்டும்,
வாடைக்கு எதிரே, நாற்பது மணி நேரம்.

ஜன்னல் வழியாக எங்கள் படகைப் பார்த்தாள்.
அது ஒன்றும் அறியாததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.
"அவர் உள்ளே தூங்குகிறார்"
என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.
முத்திரை விழுந்தது.
சிப்பியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு,
"என் தம்பியும் அப்படித்தான் தூங்குகிறான்,
டிஹுவானாவில், ஏழு வருஷமாய்.
கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு
எங்கள் வீட்டில் இன்னும் ஐந்து பேர்."
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.
அடுத்த ஆள் யாரும் இல்லை.

வியாழன் வந்தது. மைத்துனி வந்தாள்.
தீவன மூட்டைக்குள்ளிருந்து
தவிடு ஒட்டிய சின்னப் பொட்டலம்.
ஃபௌஸ்டீனோ காசை எண்ணாமல் மடித்து அவளிடம் கொடுத்தார்.
தனக்கென்று கேட்டது
எங்கள் பழைய கயிற்றில் பன்னிரண்டு முழம்.
வெட்டிக் கொடுத்தபோது
அதையும் கடித்துப் பார்த்தார்.

விடியுமுன் நங்கூரம் எடுத்தோம்.
சேறு எளிதில் விடவில்லை.
ஒரு கூழைக்கடா துறைக்கம்பத்தில் அமர்ந்து
அலகை மார்போடு சேர்த்து
எங்களை வழியனுப்பாமல் இருந்தது.

யாரும் சொல்லாமலே ரெனாட்டா
வெங்காயம் வாங்கியிருந்தாள், ஒரு மூட்டை.
வைக்க இடமில்லாமல்
முன்னறையில் அவன் படுக்கையில் கிடத்தியிருந்தாள்.
ஒவ்வோர் அலைக்கும் உள்ளே சருகு சலசலக்கும்,
யாரோ புரண்டு படுப்பதுபோல்.
காவல் மாற எழுந்த நான்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தேன்.

மேலே காற்று ஏறியிருந்தது.
பாயைச் சுருக்கு என்றார் ஹால்வார்.
ஒரு தடவை.